தரையில் பனி இருக்கிறதா?

எமரி நோடினின் குரல்வளையையே ஆபரேஷனில் எடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரே அவன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனது. ஆர்டிஸும் போனாள். ஆனால் போகும்போதும் வரும்போதும் அவள் வானத்தைத்தான் பார்த்தாள். நவம்பர் பிறந்தாகிவிட்டது. மற்ற வருஷங்களில் இந்நேரம் முழங்கால் புதையப் பனி கிடக்கும். இந்த வருஷம் பார்த்தா இப்படிக் கழுத்தறுக்க வேண்டும்? ஒரு பொட்டுப் பனி இல்லை. செத்த புல்லும் ஈரச் சருகுமாகத் தரை பப்பரப்பே என்று கிடந்தது.

பனிக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இந்த ஊர்க்காரர்கள் ஒஜிப்வேக்காரர்கள், அமெரிக்காவின் வடக்கு ஏரிப் பக்கத்துப் பூர்வகுடிகள். அவர்களிடம் கதை இரண்டு வகை. நேற்று நடந்தது, யார் யாரோடு ஓடிப்போனாள், எவன் மீன் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். உலகம் உண்டான காலத்து ஆதிக் கதைகள் அப்படியில்லை. தரையில் பனி கிடந்தால்தான் வாயைத் திறக்கலாம். மீறினால் படுக்கையில் தேரை வந்து ஏறும். சிரிக்காதீர்கள். போன வருஷத்துக்கு முந்தின ஜூலையில், ஊர் மொழி வகுப்பில் ஆர்வக்கோளாறு பிடித்த ஒருத்தி குளிர்காலத்தில் பதிவு செய்த கதையைப் போட்டுக் கேட்டுவிட்டாள். மறுநாள் காலை அவள் ரப்பர் பூட்ஸுக்குள் காலை விட்டால் உள்ளே ஜில்லென்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவள் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்து நாயெல்லாம் குரைத்தது. அந்த ஒருத்தி ஆர்டிஸ்தான் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

ஆர்டிஸுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஊர் ஹாக்கி அரங்கில், ஆட்டத்துக்கு நடுவே பனித்தளத்தைச் சீவி வழவழப்பாக்கும் பெரிய வண்டியை ஓட்டுகிறாள். பிறந்து வளர்ந்தது மினியாபொலிஸில். அவள் அப்பா அங்கே மாவு மில்லில் வேலை பார்த்தார். சின்ன வயதில் வெள்ளைக்காரர்களின் விடுதிப் பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கியவர் அவர். அந்த அடி மகளுக்கு வேண்டாம் என்று வீட்டில் ஒரு சொல் ஒஜிப்வே பேசமாட்டார். ஆனால் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இந்த ஊருக்கு, தன் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார். அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்ததும் ஒஜிப்வேயில் ஒரு கதை சொல்வார். எப்போதும் அதே கதை. அந்த அக்காவின் மகன்தான் எமரி.

குட்டி ஆர்டிஸ் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் கதையில் ஓரிடம் வரும். அப்பா நிறுத்துவார். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பும். பிறகு வீடே கொல்லென்று சிரிக்கும், அப்பாவும் அவளையே பார்த்துச் சிரிப்பார். ஒவ்வொரு வருஷமும், அதே இடத்தில். திரும்பிப் போகும்போது காரில் கேட்பாள், "எதுக்குப்பா சிரிச்சாங்க?" "பெரியவளானா தெரியும்" என்பார். பெரியவளானாள், அப்பாவும் போய்ச் சேர்ந்தார், ஒன்றும் தெரியவில்லை. முதுகில் கை எட்டாத இடத்தில் அரிப்பு எடுத்ததுபோல் அந்தக் கேள்வி அவளை விட்டுப் போகவேயில்லை.

அந்தக் கதை இப்போது எமரி ஒருவனிடம்தான் இருந்தது. அப்பா ஊரான இங்கே குடிவந்த புதிதில் அவளே போய்க் கேட்டாள். இங்கிலீஷில் சொல்லட்டுமா என்றான்.

"வேணாம்" என்றாள் ஆர்டிஸ். "அந்த இடம் வந்ததும் நீங்கள்லாம் எப்படிச் சிரிச்சீங்களோ அப்படியே நானும் சிரிக்கணும். விளக்கம் கேட்டுட்டா சிரிப்பாங்க?"

அதற்காகத்தான் மூன்று வருஷமாக மொழி வகுப்பு. வண்டி ஓட்டும்போது வினைச்சொற்களை முணுமுணுப்பாள். அதட்டலாகச் சொல்லிப் பார்த்ததில் ஒருமுறை கோல்கீப்பர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். போன மார்ச்சில், பனி கரைகிற சமயத்தில், முறைப்படி புகையிலையை எடுத்துக்கொண்டு எமரியிடம் போனாள். அவன் வாங்கிக்கொண்டான். புகையிலையை வாங்கிவிட்டால் வாங்கியதுதான், கேட்டதைச் செய்தே ஆகவேண்டும். ஆனால், "உனக்கு இன்னும் காது பழகலை. அடுத்த பனிக்குச் சொல்றேன்" என்று தள்ளிப் போட்டான். அடுத்த பனி வருவதற்குள் தொண்டையில் கட்டி வந்துவிட்டது.

அவள் விசாரிக்கப் போனபோது எமரி சமையலறையில் காட்டரிசிக் கஞ்சியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தான். குரல் ஏற்கெனவே கரகரவென்று ஆகியிருந்தது.

"என்ன அத்தான், இனிமே பேச முடியாதாமே?"

"ஆமா. உன்னைத் திட்டறதுக்கு இனிமே சம்பளத்துக்கு ஆள் வைக்கணும்."

"ஊர்ல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. பெரிய விருந்தா போடலாம்னு பேச்சு."

எமரியின் தங்கை டார்லா கையிலிருந்த துண்டை மேசைமேல் எறிந்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் நேரம் காலமே கிடையாதா?"

கிடையாதுதான். அத்தை மகனும் மாமன் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தால் கேலி பேசியே ஆகவேண்டும். இது நம்மூருக்கு மட்டும் உள்ள முறை என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதையாகப் பேசினால்தான் அங்கே ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். அதனால் எமரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகப் பேச ஆரம்பித்ததும் ஆர்டிஸ் கேலியை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உன் புகையிலை அந்த அலமாரியில இருக்கு. திறக்கறப்பல்லாம் என்னை முறைக்குது. மார்ச்சுலயே சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

"அப்ப எனக்குப் புரிஞ்சிருக்காதே."

"இப்பவும் புரியாது. ஆனா இப்ப புரியலைன்னா அது உன் தப்பு."

"அப்ப சொல்லுங்க."

"தரையில பனி இல்லையேடி. தலைகீழா நின்னாலும் பனி இல்லாம சொல்ல மாட்டேன்."

அன்றிலிருந்து ஆர்டிஸ் பார்க்கிறவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி ஒரே கேள்வி கேட்டாள். எவ்வளவு பனி இருந்தால் அது பனி? பிங்கோ ஆடும் கூடத்தில் இதனால் ஒருநாள் ஆட்டமே கெட்டது. மூக்கு நுனியில் ஒரு துளி விழுந்தால் போதும் என்றாள் ஒருத்தி. முயல் கால் பதியவேண்டும் என்றார் மரம் வெட்டுகிற ஒருவர். சரி, எதற்காக இந்த விதி? தவளையும் தேரையும் கேட்டால் போய்க் கோள் சொல்லிவிடும், அவை சேற்றுக்குள் தூங்கியபிறகுதான் பேசலாம் என்றார்கள் சிலர். கதையில் வருகிறவர்கள் வெயில் காலத்தில் விழித்திருப்பார்கள், தங்களைப் பற்றி வம்பு பேசினால் கோபித்துக்கொள்வார்கள் என்றார்கள் வேறு சிலர். "கோடையில மீன் பிடிக்கணும், ஏரியில விளையற காட்டரிசியைத் தட்டி எடுக்கணும். கதை கேட்டு உட்கார்ந்தா எவன் சோறு போடுவான்?" என்றாள் காபி ஊற்றிக்கொண்டிருந்த கிழவி. ஆளுக்கொரு காரணம். எல்லாமே ஆர்டிஸுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்றாலும் பனி விழவில்லை.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அன்று காலை அரங்கத்துப் பின்புறம் வண்டியைக் கொண்டுபோய்ச் சீவலைக் கொட்டினாள். தளத்திலிருந்து சீவியெடுத்த பனி அங்கே ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஆர்டிஸ் அதைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது. அப்புறம் என்ன, சொந்த பிக்கப் வண்டியைப் பின்னால் எடுத்துவந்து மண்வெட்டியால் அள்ளிப்போட ஆரம்பித்தாள்.

மதியம் எமரி கதவைத் திறந்தால் வாசல் முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுவில் ஆர்டிஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நின்றாள்.

"என்னடி இது?"

"தரையில பனி இருக்கணும்னுதானே சொன்னீங்க? இது தரை. இது பனி. உக்காருங்க, சொல்லுங்க."

எமரி குனிந்து ஒரு கை அள்ளினான். உற்றுப் பார்த்தான். "இது ஏன் சிவப்பா இருக்கு?"

"ஹாக்கித் தளத்துல கோடு போட்ட சாயம். அதெல்லாம் கண்டுக்காதீங்க."

அவ்வளவுதான். எமரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, டார்லா ஓடிவந்து முதுகைத் தட்டவேண்டியதாயிற்று. சரியாக அந்த நேரம் பார்த்து, வெதுவெதுப்பான வெயிலில் ரோட்டோரப் பள்ளத்திலிருந்து ஒரு தவளை க்ரீச்சென்று குரல் கொடுத்தது.

"கேட்டியா?" எமரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்னை ஏமாத்தலாம். அவங்க காதுல பூ சுத்த முடியாது."

ஆர்டிஸ் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து, மூன்று வருஷம் வாய் வலிக்கப் படித்து, கடைசியில் ஒரு தவளையிடம் தோற்கவேண்டுமா? சிவப்புச் சீவல் அவள் காலடியில் கரைந்து ஓடியது.

எமரி வடக்குப் பக்கம் பார்த்தான். "பனி இங்கே இல்லை, அவ்வளவுதானே? வேற எங்கேயும் இல்லேன்னு யார் சொன்னா? உன் வண்டியில பெட்ரோல் இருக்கா?"

டார்லா குதித்தாள். "நாளன்னைக்குக் காலையில டுலூத் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். நாளைக்குச் சாயங்காலமே போய்ப் படுக்கணும். இப்ப ஊர் சுத்தப் போறீங்களா?"

"டார்லா, வாங்கின புகையிலையை வீட்டுல வச்சுக்கிட்டு நான் மயக்க ஊசிக்குக் கையை நீட்ட மாட்டேன்."

டார்லா தலையில் அடித்துக்கொண்டாள். கஞ்சியை ஒரு குடுவையில் ஊற்றிக் கொடுத்தாள். மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள்.

எல்லைப் பாலத்தில் கனடா அதிகாரி ஒருவன், சின்னப் பையன், தலையை நீட்டினான். "எதுக்காகப் போறீங்க?"

"பனி பார்க்க" என்றாள் ஆர்டிஸ்.

அவன் புருவத்தைச் சுருக்கினான். எமரி இந்தப் பக்கமிருந்து கரகரத்தான். "தம்பி, இவ என் மாமன் மகள். தேனிலவுக்குப் போறோம். வெளியே சொல்லக் கூச்சப்படறா."

"நான் இந்த மூஞ்சியோட தேனிலவுக்குப் போறதுக்கு இந்தப் பாலத்துலேருந்து குதிக்கலாம்" என்றாள் ஆர்டிஸ். அதிகாரி முகம் சிவந்து அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பாலம் தாண்டியும் தரை பழுப்பாகத்தான் இருந்தது. கடைசி பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார்கள். அதற்கப்புறம் ட்ரைடன் என்கிற ஊர் வரைக்கும் காடும் ஏரியும்தான். பக்கத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வண்டிச் சக்கரங்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஆர்டிஸ் இறங்கினாள். அந்தப் பெண்ணின் முகஜாடை தங்கள் ஜனம்போல் இருக்கவே, வகுப்புக்கு வெளியே தெரியாத ஒருவரிடம் முதல்முறையாக ஒஜிப்வேயில் வாயைத் திறந்து, வடக்கே தரையில் பனி கிடக்கிறதா என்று கேட்டாள்.

அந்தப் பெண் கையில் குழாயோடு திரும்பிப் பார்த்தாள். கடகடவென்று பதில் சொன்னாள். ஆர்டிஸுக்குப் பாதி பிடிபட்டது. மீதி, தெரிந்த ஆள் முகமூடி போட்டுக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. கிடக்கிறது, பாதி வழி போனால் கிடக்கிறது என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

"அது எந்த மொழி அத்தான்?" வண்டியில் ஏறியதும் கேட்டாள்.

"ஓஜி-கிரீ. அதுவும் நம்ம மொழிதான். வடக்கே குளிர் ஜாஸ்தி, ரெண்டு ஸ்வெட்டர் கூடப் போட்டிருக்கு."

"இன்னும் மேல போனா?"

"கிரீ. அது கோட்டும் போட்டிருக்கும்."

"அதுக்கும் மேல?"

"அதுக்கும் மேல வேற ஜனங்க. ஏண்டி, எனக்கு இருக்கறது இன்னிக்கு ஒருநாள் குரல். இதையெல்லாம் கேட்டுத் தீர்த்துடாதே."

ஆர்டிஸ் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாறை இடுக்குகளில் முதலில் திட்டுத் திட்டாக வெள்ளை தெரிந்தது. ஆர்டிஸ் பிரேக்கை மிதித்தாள். எமரி எட்டிப் பார்த்துவிட்டு, "இது பனியா? எவனோ துப்பிட்டுப் போயிருக்கான், போ" என்றான். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ரோட்டோரம் வெளுத்தது. "போ." அப்புறம் ஒரு மேடு ஏறி இறங்கியதும் இரண்டு பக்கமும் காடு முழுக்க வெண்மையாகிவிட்டது, வண்டியின் சத்தமே மாறிப்போனது. எமரி நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான்.

இறங்கி மெல்ல நடந்தான். பூட்ஸால் மிதித்துப் பார்த்தான், நெறுநெறுத்தது. புதரோரம் குனிந்து அவளைக் கூப்பிட்டு விரலால் காட்டினான். முயல் கால் பதிந்திருந்தது. ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டான். தவளை, பூச்சி, ஒன்றும் இல்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து அவள் மார்ச்சில் கொடுத்த அதே புகையிலையை எடுத்து ஒரு மரத்தடியில் வைத்தான்.

"ஒரு தடவைதான் சொல்வேன். நடுவுல ஏன் எதுக்குன்னு கேட்டே, இறங்கி நடந்தே ஊருக்குப் போயிடுவேன்."

வண்டிக்குள் உட்கார்ந்து, பனிக்காற்று வருவதற்காகக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, ஆரம்பித்தான்.

அந்தக் கதையை நான் இங்கே எழுத மாட்டேன். நீங்கள் இதைப் படிக்கிற ஊரில் தரையில் பனி கிடக்காது என்று எனக்குத் தெரியும். நாளைக் காலையில் உங்கள் செருப்புக்குள் தேரை உட்கார்ந்திருந்தால் யார் பதில் சொல்வது? ஆனால் ஓரிடத்தை மட்டும் சொல்லலாம். அது கதையின் சொத்து இல்லை, அந்த வீட்டுக்காரர்கள் போட்ட ஒட்டு. கதையில் ஒருவன் நடந்து களைத்து ஒரு மரத்தடியில் உட்காருவான். மரத்தில் ஒரு பறவை இருக்கும். என்ன பறவை, எப்படிப்பட்ட பறவை என்பது கதை சொல்கிறவர் இஷ்டம். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களில் யாரையாவது பறவையாக்கி மரத்தில் ஏற்றிவிடலாம்.

எமரியின் குரல் தேய்ந்து தேய்ந்து கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாகிவிட்டது. ஆர்டிஸ் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். சில சொற்கள் கைக்குச் சிக்காமல் ஓடின. விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தாள். கதை மரத்தடிக்கு வந்தது. எமரி நிறுத்தினான். திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு தன் மாமா, அதாவது அவள் அப்பா, சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னான். மரத்தில் ஒரு சின்னக் குருவி, கம்பளி சுற்றிக்கொண்டு. காட்டில் யார் பேசுவதும் அதற்குப் புரியாது. ஆனாலும் கரடியிடம் ஏன் என்று கேட்கும், நரியிடம் ஏன் என்று கேட்கும். ஒருத்தரும் பதில் சொல்லாததால் கடைசியில் திரும்பி உட்கார்ந்து தன் வாலைப் பார்த்து, நீயாவது சொல்லேன், ஏன் என்று கேட்கும்.

ஆர்டிஸ் பக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் தனக்குப் புரிந்துவிட்டது என்பதே அவளுக்குத் தெரிந்தது. உடனே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்பா அவளைக் கதைக்கு வெளியே, மூலையில் உட்கார வைத்திருந்தார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அவர் அவளைத் தூக்கி உள்ளே வைத்திருக்கிறார். எமரி அவள் அழுது முடிக்கும்வரை காத்திருக்கவில்லை; குரல் இருக்கும்போதே முடிக்கவேண்டும் என்று மேலே சொல்லிக்கொண்டு போனான்.

முடிந்ததும் டார்லாவின் கஞ்சியைக் கொஞ்சம் குடித்தான். "இப்ப நீ சொல்லு."

"நானா?"

"பின்னே? நான் நாளைக்கு ஊமை. கதை எங்கே இருக்கணும்? என் அலமாரியிலயா? வண்டியை எடு, ஓட்டிக்கிட்டே சொல்லு. தப்பா சொன்னா கிள்ளுவேன்."

ஆர்டிஸ் வண்டியைத் தெற்கே திருப்பினாள், சொல்ல ஆரம்பித்தாள். அவள் தோளில் அன்று கிள்ளு வாங்காத இடம் குறைவு. ஆனால் வழி போகப் போகச் சொல் தானாக வர ஆரம்பித்தது. கரடி வந்தது, ஆறு வந்தது, களைத்தவன் மரத்தைத் தேடி நடந்தான்.

"மரத்துல யாரை ஏத்தப் போறேன்னு பார்க்கறேன்" என்றான் எமரி ஒரே கிசுகிசுப்பாக. "உங்கப்பா குருவியையே திருப்பிச் சொன்னா ஒத்துக்க மாட்டேன். உன் பறவை வேணும்."

அவள் யோசிப்பதற்குள் எமரியின் கை மேலே போனது. நிறுத்து என்றது. ஆர்டிஸ் வெளியே பார்த்தாள். பேச்சு மும்முரத்தில் கவனிக்கவில்லை. காடு பழுப்பாகியிருந்தது. பனி தீர்ந்துவிட்டது.

"ஐயோ, கொஞ்சம்தான் அத்தான் இருக்கு! திரும்பிடலாம், மேடு பக்கத்துலதான் இருக்கு." ஸ்டியரிங்கை ஒடித்தேவிட்டாள். வண்டி பாதி திரும்பி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது.

எமரி சரி என்றுதான் தலையாட்டினான். ஆனால் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான், உதடு வெளுத்திருந்தது, கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்தபோது அதில் ரத்தம் இருந்தது. வடக்கே திரும்பினால் அவன் வருவான், உயிரைக் கொடுத்தாவது கேட்டு முடிப்பான் என்று ஆர்டிஸுக்குத் தெரிந்தது. ஒரு மரத்துக்கும் ஒரு பறவைக்குமாக இந்த மனுஷனைச் சாகடிப்பதா? வண்டியைத் தெற்கே திருப்பினாள். ஊர் வந்ததும் அவனை டார்லாவிடம் ஒப்படைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டார்லா போன் செய்தாள். குரல் போய்விட்டது, ஆள் இருக்கிறான். இங்கே ஆர்டிஸுக்கு ராத்தூக்கம் இல்லை. சொல்லிப் பார்க்கக்கூடாது, பனி இல்லை. சொல்லாவிட்டால் மறந்துவிடுமோ என்று பயம். தளத்தைச் சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டியபடி வாயைத் திறக்காமல் மனத்துக்குள்ளேயே மரம் வரைக்கும் போவாள், வெறும் கிளையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், திரும்புவாள்.

ஒருநாள் காலை அரங்கத்துக் கதவைத் திறக்கப் போனால் பூட்டின் மேல் வெள்ளையாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள். ஊரே வெள்ளையாக இருந்தது. அவளுடைய காலடித் தடம் அவள் பின்னாலேயே வந்திருந்தது. கையுறையைப் பல்லால் உருவிவிட்டு அங்கேயே நின்று போன் போட்டாள்.

"டார்லா, அங்கே பனி இருக்கா?"

"உனக்கு வேற நினைப்பே கிடையாதா? கார் மேலெல்லாம் இருக்கு."

"கார் மேல வேணாம். தரையில இருக்கா?"

"நாலாவது மாடியிலேருந்து எனக்கென்னடி தெரியும்?" பிறகு டார்லா பக்கத்தில் யாரையோ அதட்டுவது கேட்டது. "சரி சரி, போறேன்! இந்தப் பார்வை பார்க்காதே." வெகுநேரம் சத்தமில்லை. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். "இருக்கு. போய் மிதிச்சே பார்த்துட்டேன். நர்ஸ் என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பா. போனை அண்ணன் பக்கத்துல வைக்கறேன். சரின்னா ஒரு தட்டு, தப்புன்னா ரெண்டு தட்டாம். எழுதிக் காட்டறார்."

ஆர்டிஸ் அரங்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் கட்டில் கம்பியில் டக் என்று ஒரு தட்டு. கரடி வந்தபோது ஒரு தட்டு. ஆற்றில் தடுமாறினாள், டக்டக். திருத்திச் சொன்னாள். ஒரு தட்டு. களைத்தவன் நடந்து நடந்து மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தான். அவள் நிறுத்தினாள். தட்டு வரவில்லை. அந்தப் பக்கம் எமரி காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

மரத்தில் ஒரு மரங்கொத்தி இருந்தது என்றாள் ஆர்டிஸ். காட்டிலேயே பெரிய வாயாடி அது. ஒருநாள் அதன் குரல் போய்விட்டது. அப்பாடா, இனிமேலாவது மாமன் மகள்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று காடே விருந்து வைத்தது. ஆனால் அந்தச் சனியன் சும்மா இருக்கிறதா? இது தப்பு டக்டக், அது தப்பு டக்டக் என்று மரத்தைத் தட்டியே எல்லோர் உயிரையும் எடுக்கிறது.

எதிர்ப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஆர்டிஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அதிகமாகப் பேசிவிட்டோமோ?

"அடிப்பாவி, என்னடி சொன்னே?" டார்லா அலறினாள். "சத்தமே இல்லாமக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறார்! தையல் பிரிஞ்சுடப் போவுதுடி! நர்ஸ் ஓடி வர்றா, அண்ணா, போதும், சிரிக்காதே..."

ஆர்டிஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பனியில் தனியாக நின்று, ஆளில்லாத வண்டி நிறுத்தத்தைப் பார்த்து, கண்ணீர் வரச் சிரித்தாள்.

அந்தக் கூச்சலுக்கெல்லாம் நடுவே கம்பியில் ஒரு தட்டுக் கேட்டது. ஒரே ஒரு தட்டு. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே சொல்ல ஆரம்பித்தாள்.